இருநூற்றுப் பத்து மீட்டர்

என் மனைவி சாராள் எடுத்த ஒரு படத்தைக் காட்டித்தான் அந்த யானையைப் பிடிக்கக் கிளம்பினார்கள். அந்தப் படத்தை நம்பாதீர்கள் என்று ஊர் கூடிய இடத்தில் எழுந்து சொன்னதும் சாராள்தான். அவளுக்குக் கிறுக்கு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ட்ரைபாடைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். அதனால் மற்றவர்கள் கதை கட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சரவணம்பட்டிக்காரர்கள். எனக்குக் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. சாராள் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். அங்கே அவளுக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. இரண்டுக்கும் காரணம் அவள் வாய்தான்.

ஒரு தடவை படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்கு மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்த புது டாக்டர், இதயம் வீங்கியிருக்கிறது என்று சொந்தபந்தங்களிடம் சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பெண்கள் வராந்தாவிலேயே அழ ஆரம்பித்தார்கள். சாராள் எல்லோர் முன்னாலும் போய், "டாக்டருங்க, படுக்க வெச்சு கிட்டத்துல இருந்து எடுத்தா இருதயம் பெருசாத்தானுங்க தெரியும். நாளைக்கு நிக்க வெச்சு எடுக்கறேன், அதைப் பாத்துப்போட்டு சொல்லுங்க" என்றாள். மறுநாள் நிற்க வைத்து எடுத்த படத்தில் இதயம் சரியாகவே இருந்தது. அதே நாள் சாராளுக்கு மெமோவும் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். "எதுக்குன்னு எழுதறதுங்க?" என்று கேட்டாள்.  கடிதம் போகவேயில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயதானபோதுதான் கேமரா பித்துப் பிடித்தது. வால்பாறைக்குப் போயிருந்தோம். ரோட்டோரம் யாரோ ஒருவர் நீளமான லென்ஸை மரத்தின் மேல் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சாராள் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "பாக்கறீங்களாங்க?" என்று இடம் கொடுத்தார். அரை நிமிடம்தான் பார்த்தாள். இருவாச்சிப் பறவை ஒன்று ஒரு பழத்தை வாயில் தூக்கிப் போட்டுப் பிடித்தது. வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள். "அதோட இமையில முடி இருக்குதுங்க! முடி!" என்று வழியில் சூலக்கல் ஊரைத் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு லென்ஸ் வந்தது. நூற்றைம்பது மில்லிமீட்டரிலிருந்து அறுநூறு வரை இழுக்கலாம். கேமராவோடு சேர்த்தால் மூன்று கிலோ. நீள லென்ஸில் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், அதோடு கையின் நடுக்கமும் கூடவே பெரிதாகும். அதனால் மூச்சைப் பாதி விட்டு, மீதியை அடக்கிக்கொண்டு அழுத்த வேண்டும். தரையில் வைத்து எடுக்க ஒரு பை தைத்து அதில் பருத்திக்கொட்டை அடைத்தாள். எலி இரண்டு முறை ஓட்டை போட்டது. ட்ரைபாடில் லென்ஸ் உட்காரும் இடம் ஆடுகிறது என்று அவள் புலம்பியபோது, பட்டறையில் அலுமினியத்தில் ஒரு அடித்தட்டு கடைந்து கொடுத்தேன். இன்றுவரை ஆடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது.

ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பா மகன், "ஏஞ் சைமா, உங்கூட்டுக்காரி பீரங்கியத் தூக்கிட்டுக் காடு மேடெல்லாம் திரியறாளாமா?" என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. சாராள் இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆமாங்கண்ணா. சுட்டாச் சத்தம் வராது, அவ்வளவுதானுங்க" என்றாள். 

அவளுக்குப் புதன்கிழமை வார லீவு. பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பிவிடுவேன். ஆனைமலைக்கு மேற்கே மொட்டப்பாறைப் புதூர் என்று மலையடிவார ஊர் ஒன்று. ஊருக்கு வெளியே உயரமான வாய்க்கால் கரை. கரையில் நின்றால் முதலில் நிலக்கடலை விளையும் கடலைக்காடு, அதைத் தாண்டி நானூறு மீட்டரில் அங்கன்வாடிக் கட்டடம், அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்புறம் யானை வராமல் இருக்க வெட்டிய அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் காடு. அந்தக் காட்டோரத்தில் மேயும் ஒற்றை ஆண் யானைக்கு ஊரார் கிழிகாதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இடது காது தோரணம் மாதிரி கிழிந்திருக்கும். இரண்டு வருடம் முன்பு அகழி வெட்டுவதற்கு முன்னால் ஒரு தோப்பில் புகுந்து தென்னங்கன்றுகளை மிதித்திருக்கிறது. நல்ல பிள்ளை என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் அகழி வந்த பிறகு அது இந்தப் பக்கம் வரவில்லை.

போன டிசம்பரில் ஒரு புதன்கிழமை, மழை விட்டு மூடாக்கு போட்டிருந்த மதியம். வெயில் இல்லாததால் கானல் இல்லை, தூரத்துப் பொருள்கூடப் பளிச்சென்று தெரிந்தது. கிழிகாதன் காட்டோரம் வந்து நின்றது. அதே நேரத்தில் அங்கன்வாடிக் குழந்தைகள் வெளியே ஓடி வந்தார்கள். சாராள் கரையிலிருந்து கடகடவென்று கடலைக்காட்டுக்குள் இறங்கி, பருத்திக்கொட்டைப் பையை வரப்பில் போட்டுக் குந்திவிட்டாள். நான் கரைமேலேயே நின்றிருந்தேன். யானை மிரளக்கூடாது என்று இறங்குகிறாள் என நினைத்தேன்.

அந்தப் படத்தில் ஐந்து குழந்தைகள் ஓடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல், சுற்றுச்சுவரை ஒட்டினாற்போல், மலை மாதிரி கிழிகாதன். பள்ளமும் இல்லை, அகழியும் இல்லை.  கோயம்புத்தூரில் நடந்த போட்டியில் முதல் பரிசு கொடுத்தார்கள். சாராள் மேடையில் கேடயம் வாங்கியபோது நான்தான் முதலில் கை தட்டினேன்.

பத்தே நாளில் அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. 'அங்கன்வாடியில் புகுந்த யானை, அலறி ஓடிய குழந்தைகள்' என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். அந்த ஊரில் திருமலைசாமி என்று ஒரு தோப்புக்காரர். தோப்பில் ஒரு பகுதியைப் பண்ணை வீட்டு மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். யானை நடமாடும் இடத்தில் யார் வீடு கட்ட வருவார்கள்? அவருக்குச் சாராளின் படம் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. யானையைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். செவ்வாய்க்கிழமை கும்கி யானைகள் வருவதாகவும், அதற்கு முன் சனிக்கிழமை அங்கன்வாடி முன்னால் கூட்டம் போட்டு ஊர்த் தீர்மானம் எழுதப் போவதாகவும் செய்தி வந்தது. படம் எடுத்த அம்மணிக்கு அங்கேயே சால்வை போடுவதாகத் திருமலைசாமி எங்களையும் போனில் அழைத்தார்.

போனை வைத்த சாராள் அன்று சோறு தின்னவில்லை. போட்டி நடத்திய சங்கத்தின் செயலாளர் யஷ்வந்த்தைக் கூப்பிட்டு, அந்தப் படத்தைப் பற்றி ஒரு விளக்கம் போடச் சொன்னாள். அவர் சின்ன வயசுக்காரர், இனிக்க இனிக்கப் பேசுவார்.

"அக்கா, நீங்க படம் எடுத்தீங்க, நாங்க பரிசு குடுத்தோம். யானைய என்ன பண்றதுங்கறது கவர்மெண்ட் சோலிங்க. நீங்க ஏன் சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறீங்க?"

"வெச்சது நானுங்க தம்பி. எடுக்கறதும் நான்தான் எடுக்கோணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும், "விடு சாரா, நாம என்ன யானைக்குச் சொந்தக்காரங்களா?" என்றுதான் சொன்னேன்.  சனிக்கிழமை கேமராப் பையை அவளே வண்டியில் வைத்தாள்.

அங்கன்வாடி முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குப் பக்கத்தில் பத்தடி உயரத்தில் அவள் எடுத்த படம் ஃப்ளெக்ஸாக நின்றது. கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர். வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தார், ஊர்க்காரர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அகழியைத் தன் செலவில் தூர் வாரித் தருவதாகக் காட்ட, பள்ளத்துக்கு அப்பால் அகழியோரம் ஒரு ஜேசிபியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் திருமலைசாமி. வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாகச் சால்வையோடு வந்தார்.

"வாங்க அம்மணி. நீங்க மட்டும் இல்லீன்னா எங்க கொழந்தைங்க கதி என்னங்க ஆயிருக்கும்?"

"சால்வை வேண்டாமுங்கண்ணா. நான் ஒரு வார்த்தை பேசோணுமுங்க" என்றாள் சாராள். மைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பேர் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு.

"இந்தப் படத்துல யானை செவுத்துக்கிட்ட நிக்கிற மாதிரி தெரியுதுங்க. அது அங்க நிக்கலைங்க. அகழிக்கு அக்கட்ட, காட்டுக்குள்ள நின்னுச்சு. நெம்ப தூரத்துல இருந்து இந்த லென்ஸ்ல எடுத்தா, முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாட்டத் தெரியும். இதை வெச்சு யானையப் புடிக்காதீங்க."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. கண்ணால் பார்ப்பதை இல்லை என்கிறாளே என்று ஒருவர் கேட்டார். காசு வாங்கிவிட்டாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாராள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான் சொல்றதையும் நம்பாதீங்க. கண்ணாலயே பாருங்க. திருமலைசாமி அண்ணா, நீங்க செவுத்தோரம் இருக்கற அந்தத் தண்ணிக் குழாய்கிட்டப் போயிச் சித்த நில்லுங்க. நான் அன்னைக்கு எடுத்த எடத்துக்குப் போறேன். ரேஞ்சர் சாரும் கூட வரட்டுமுங்க."

படம் எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்பவர் இல்லை திருமலைசாமி. காலரைச் சரி செய்துகொண்டு குழாயடியில் போய் நின்றார். நாங்கள் மூவரும் வரப்பு வழியாக நானூறு மீட்டர் நடந்தோம். சாராள் கடலைக்காட்டில் அதே இடத்தில் குந்தி ஒரு படம் எடுத்தாள். பிறகு வாய்க்கால் கரைமேல் ஏறி நின்று இன்னொன்று எடுத்தாள். ரேஞ்சர் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அவர் ஆட்கள் டேப் பிடித்து அளந்து அவருக்குப் போனில் சொன்னார்கள். குழாயிலிருந்து ஜேசிபி நிற்கும் இடம்வரை இருநூற்றுப் பத்து மீட்டர்.

முதல் படம் கூட்டத்தில் கைக்குக் கை போனது. திருமலைசாமி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தலைக்கு நேர் மேலே, இப்போதே அள்ளிக்கொண்டு போய்விடும் போல ஜேசிபியின் மண்ணள்ளும் வாளி. முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது.

"அண்ணா, இந்த ஜேசிபிய எந்த முகாமுக்குங்க கொண்டுபோறது?" என்றாள் சாராள்.

திருமலைசாமியின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அனுபவசாலி. சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"சரிங்க அம்மணி. லென்ஸோட கோளாறுக்கு நாம என்னங்க பண்றது? அது அப்படிக் காட்டுச்சு, நாங்க நம்பிப்போட்டோம். யாரு மேலயும் தப்பு இல்லீங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழி லென்ஸின் மேல் போய்விட்டது, பரிசும் நிற்கும், மரியாதையாக வீட்டுக்குப் போகலாம். சாராள் மட்டும் நகரவில்லை. கேமராவில் இரண்டாவது படத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். கரைமேல் நின்று எடுத்தது. அதில் பள்ளமும் தெரிந்தது, அகழியும் தெரிந்தது.

"லென்ஸ் மேல பழியப் போடாதீங்கண்ணா. கரை மேல நின்னப்ப அகழி எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க. அது தெரிஞ்சாப் படம் கெட்டுப்போயிருமேன்னு நான்தான் கடலைக்காட்டுக்குள்ள எறங்கிக் குந்துனேன். அகழிய மறைச்சது லென்ஸ் இல்லீங்க. நானு."

எனக்கு அப்போதுதான் தெரியும். கூடவே நின்றவன், ட்ரைபாட் தூக்கியவன், எனக்கே தெரியாது. ஒரு நிமிடம் அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, பொய் சொல்வானேன். இதை ஊர் நடுவில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று நினைத்தேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன். மூன்று கிலோ கேமராவை இறக்கி வைக்காமல், கடைசி வரிசைக்காரருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தது. என் ஆத்திரம் போய்விட்டது.

"உங்க படத்த நீங்களே பொய்ங்கறீங்க. வெக்கமா இல்லீங்களா அம்மணி?" என்றார் திருமலைசாமி.

"இருக்குதுங்க. அதனாலதான் சால்வைய வேண்டாம்னேன்."

 அப்போது அங்கன்வாடி வாசலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். சென்னியம்மாள், அங்கன்வாடி டீச்சர். ஐம்பது வயதிருக்கும். அவருக்குக் கோபம் சாராள் மேல்தான்.

"நீங்க பொதங்கிழமை பொதங்கிழமை வந்துட்டுப் போறவீங்க. நான் தெனமும் இந்தக் கொழந்தைகள வெச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்கறவ. இன்னைக்கு இருநூறு மீட்டர்ங்கறீங்க. நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா?"

"வந்தா, வந்துதுன்னு எடுத்துக் குடுக்கறேனுங்கக்கா. நீங்க கூப்புட்டா எந்த நாளா இருந்தாலும் வாரேன். வராததுக்கு மட்டும் எம் படத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

சென்னியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரேஞ்சர் பக்கம் திரும்பினார்.

"எழுதறதுன்னா இதையும் எழுதிக்குங்க சார். அன்னைக்குக் கொழந்தைங்க யானையப் பாத்து ஓடலைங்க. சோத்தோட முட்டை போட்ட நாளு. தின்னுபோட்டு, யாரு முதல்ல தட்டுக் கழுவறதுன்னு குழாய்க்கு ஓடுச்சுங்க. யானை நின்னதே எங்களுக்குத் தெரியாது. இந்தம்மா படத்தப் பாத்துத்தான் நானே பயந்தேன்."

அன்று தீர்மானம் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை கும்கிகள் வரவில்லை. கூட்டம் கலைந்த அரை மணி நேரத்தில், தூர் வார வந்த ஜேசிபி ஒரு கூடை மண்கூட அள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது.

யஷ்வந்த் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு போனார். 'தொழில்நுட்பக் காரணங்களால்' பரிசைத் திருப்பித் தருவதாக ஒரு கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். சாராள் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'அகழி தெரியக்கூடாது என்று நான் இடம் மாறி எடுத்ததால்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "அக்கா, இது எதுக்குங்க?" என்று அவர் கெஞ்சினார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குச் சென்னியம்மாளின் போன் வந்தது.

"அம்மணி, கிழிகாதன் அகழியத் தாண்டி இந்தப் பக்கம் வந்துபோட்டானுங்க. கொழந்தைங்க எல்லாம் ஊட்டுக்குப் போயாச்சு. பள்ளத்துல நிக்கறான். வந்தா எடுத்துத் தாரேன்னீங்களே?"

வண்டிச் சாவியை நான் கையில் மூடிக்கொண்டேன். "போகாத சாரா. இந்தப் படம் மட்டும் திருமலைசாமி கையில கெடச்சுதுன்னா, அடுத்த வாரமே கும்கி வந்துரும். நீயே அதுக்குக் கயிறு திரிச்சுக் குடுப்பியா?" என்று கத்தினேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் கையை நீட்டினாள். "வராததை வந்தாட்டக் காட்டுனது தப்புன்னா, வந்ததை மறைக்கறது மட்டும் எப்படீங்க சரியாகும்? சாவியக் குடுங்க."

போனோம். வெளிச்சம் மங்குவதற்குள் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டோம். கிழிகாதன் பள்ளத்தில் புல் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. சாராள் கரைமேல் நின்றபடியே எடுத்தாள். ஒரு அடிகூடக் கீழே இறங்கவில்லை. அன்றே ஆனைமலையில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுச் சென்னியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பின்பக்கம் தேதியும், நேரமும், அங்கன்வாடியிலிருந்து எத்தனை மீட்டர் என்பதும் எழுதியிருந்தாள்.

மறுநாளே திருமலைசாமி அங்கன்வாடிக்கு வந்து நின்றாராம். "இந்தப் படத்த நமக்குக் குடுத்துருங்க, ஃப்ளெக்ஸ் அடிக்கோணும்" என்று கேட்டிருக்கிறார். சென்னியம்மாள் படத்தை அவரிடம் நீட்டியிருக்கிறார், ஆனால் கையிலிருந்து விடவில்லை.

"அடிங்க சாமி, நல்லாப் பெருசா அடிங்க. இதுல யானை சின்னதாத்தானுங்க தெரியுது. நீங்க தூர் வார்றேன்னு சொல்லிப்போட்டுப் போன அகழி இடிஞ்சு கெடக்கறதுதான் பெருசாத் தெரியுது."